காகம் என்று பதியப்பட்ட காக்கா

1

விதி இதுதான்: வெளியிடப்பட்ட நூலொன்றில் தகவற்பிழை இருப்பதாக, அதனால் பாதிக்கப்படும் ஒருவர் எழுத்தில் அறிவித்தால், அறிவித்தல் கிடைத்ததை ஏழு வேலைநாட்களுக்குள் ஒப்புக்கொண்டு, இருபது வேலைநாட்களுக்குள் காரணங் காட்டிப் பதில் அனுப்ப வேண்டும். லண்டனில் உள்ள ஒரு பதிப்பகம் தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதி. நாலாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு.

நல்ல விதி. கல்முனைப் பக்கத்து அரசாங்கக் கந்தோர்களில் இலிகிதனாக, அதாவது எழுத்தனாகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன் நான். விதிகளோடு குடித்தனம் நடத்தியே தலை நரைத்தவன். இதில் ஒரேயொரு குறைதான் கண்டேன். "பாதிக்கப்படும் ஒருவர்" யார் என்பதற்கு வரைவிலக்கணம் இல்லை. ஒரு விதியை உறங்கவைக்க அந்த ஒரு ஓட்டை தாராளமாகப் போதும். நானே பல விதிகளை அப்படி உறங்கவைத்திருக்கிறேன்.

2

லண்டன் புறநகரான ஹரோவில் மகன் ரிஸ்வானின் வீட்டில் இருக்கிறேன். மனைவி மௌத்தான பிறகு மகன் கூப்பிட்டான், வந்தேன். ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு தேநீர். பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் அமளி. பிறகு வீடு அடங்கிவிடும். பத்து மணிக்கு நூலகம் திறக்கும்போது வாசலில் நிற்பவர்களில் நானும் ஒருவன். மற்றவர்கள் வெப்பத்துக்காக வருகிறார்கள். நான் உளவாளிகளுக்காக வருகிறேன்.

சென்ற நூற்றாண்டின் அரசியல் வரலாறும் உளவு வரலாறும் இந்த நாட்டு நூலகங்களில் தனி அலுமாரி பிடித்திருக்கின்றன. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்களே அவற்றை இரவல் எடுக்கிறார்கள். இளமையில் ஒரு சாகசமும் செய்யாதவர்களுக்கு இது ஒரு நிவாரணம் என்று நினைக்கிறேன். வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று தெளிவானது. உளவாளிகளில் அநேகர் இலிகிதர்கள். பயணப்படிக்கு விண்ணப்பித்தார்கள். மேலதிகாரியைப் பற்றிக் குறை எழுதினார்கள். சொல்வதற்கு ஒன்றுமில்லாத மாதங்களிலும் மாதாந்த அறிக்கை அனுப்பினார்கள். சொல்வதற்கு ஒன்றுமில்லாத மாதத்து அறிக்கையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியும். அதில்தான் மிக அதிகம் எழுத வேண்டியிருக்கும்.

போன வருட நோன்புப் பெருநாளுக்கு ரிஸ்வான் ஒரு தடித்த புத்தகம் தந்தான். இந்து சமுத்திரத்துக் கரைகளில் பனிப்போர் எப்படி நடந்தது என்பது பொருள். எந்தப் புத்தகத்தையும் நான் பின்னாலிருந்து திறப்பேன், சொல்லடைவைப் பார்ப்பதற்கு. அதில் "கல்முனை" இருந்தது.

அன்னியர் எழுதிய புத்தகத்தில் தன் ஊர்ப் பெயரைக் காணும்போது புலம்பெயர்ந்தவனுக்கு ஒரு சந்தோஷம் வரும். எனக்கும் வந்தது, அந்தப் பக்கத்தைத் திறக்கும் வரைக்கும்.

3

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடை இருந்தது. அதை நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மூத்த சகோதரர். நாங்கள் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்கு அதுதான் சொல். தமிழர்களும் எங்கள் ஆண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். பறவைக்குக் காகம், மனிதருக்குக் காக்கா. ஊரில் இரண்டையும் யாரும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

மற்றவர் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமமான சொறிக்கல்முனையைச் சேர்ந்த சூசை. நெற்காணிக்காரர் வீட்டுப் பிள்ளை, படிப்பில் பைத்தியம். கணக்கும் கல்லாவும் காக்காவின் பொறுப்பு. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது சூசையின் தலைக்குள். பாடப்புத்தகம், கொப்பி, பஞ்சாங்கம், ஓதும் கிதாபு, செபப்புத்தகம் எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். அவற்றோடு, கொழும்பிலிருந்த ஒரு வெளிநாட்டுத் தூதரகம் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்த தமிழ்ப் புத்தகங்களும். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, விலை ஒரு தேநீர்க் காசு. அரசியல் புத்தகங்களை யாரும் வாங்கவில்லை. பௌதிகமும் சிறுவர் கதைகளும் பறந்தன. எங்கள் பகுதியில் எத்தனையோ பொறியியலாளர்கள் அந்தப் பௌதிகத்தால் உருவானவர்கள். அந்தத் தூதரகத்தின் நோக்கம் அதுவாக இருந்திருக்காது.

புத்தகங்களை எடுத்துவரக் காக்கா கொழும்புக்குப் போய்வருவார். இவ்வளவுதான் நடந்தது.

லண்டன் புத்தகம் வேறு சொன்னது. கடையின் பெயரில்லை, ஆனால் அடையாளம் எல்லாம் இருந்தது. அப்படி ஒரு கடைதான் ஊரில் இருந்தது. அதை நடத்தியவர் "காகம்" என்ற இரகசியப் பெயர் கொண்ட முகவராம். ஆங்கிலத்தில் "க்ரோ". அவருடைய தமிழ்க் கூட்டாளி பிற்காலத்தில் கடத்தப்பட்டுக் காணாமற்போனார். ஆங்கில நூலாசிரியர்களுக்குப் பந்தியின் முடிவில் ஒரு குட்டி வாக்கியத்தை வைக்கும் பழக்கம் உண்டு. இவரும் வைத்திருந்தார்: "காகம் தப்பியது."

4

சூசை காணாமற்போனது கெட்ட காலத்தில். கொண்டுபோனவர்கள் யாரென்று எழுதினால் ஒரு சாரார் கோபிப்பார்கள், எழுதாவிட்டால் மற்றச் சாரார். எழுதி உறுதிப்படுத்த என்னிடம் ஆதாரமும் இல்லை. சண்டையால் சொறிக்கல்முனைக்கும் கடைத்தெருவுக்கும் இடையில் போக்குவரத்து நின்றிருந்தது. பாதை திறந்த நாளில் அவர் கடைக்குப் புறப்பட்டு வந்தார். பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். உடல் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் ஒருவனைக் கொல்ல ஆயுதம் தேவைப்படவில்லை. "தகவல் கொடுத்தவன்" என்ற சொல் போதும், ஆயுதம் பின்னால் வரும். அந்தச் சொல் எங்கள் கடைப்பக்கம் வரவில்லை. சூசையின் மனைவி திரேசம்மாவும் யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் காக்கா வீட்டிலிருந்து சொறிக்கல்முனைக்குச் சாப்பாடு போகும். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, அங்கிருந்து பலகாரத் தட்டு வரும். அப்படியே முப்பது வருடத்துக்கு மேல்.

புத்தகத்தின் அந்தப் பக்கத்தை எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் தமிழாக்கி முகநூலில் போட்டார். ஊருக்குப் பெருமை தேடும் ஆர்வம்தான், கெட்ட எண்ணம் இல்லை. "க்ரோ" என்பதை அவர் அழகாகக் "காகம்" என்று எழுதினார். தலைப்பு: நமதூர் உளவாளி. பள்ளிவாசலில் காக்காவின் வயதொத்தவர்கள் அவரை "ரஷ்யாக்காரர்" என்று பகிடி பண்ணினார்கள். அவரும் சிரித்திருக்கிறார். எண்பதைத் தாண்டிய மனிதனை உளவாளி என்றால் அவருக்கே ஒரு மவுசுதான்.

நத்தார் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுத்தார். எப்போதும் முதலில் மழையைப் பற்றிக் கேட்பவர், அன்று கேட்கவில்லை.

"தம்பி, இந்த முறை தட்டு வரல்ல."

யாருக்காவது சுகமில்லையோ என்றேன்.

"சுகமாத்தான் இரிக்காவாம். மகன் கனடாவில இரிந்து அந்தப் பேஸ்புக்கக் காட்டிரிக்கான். சூச எப்ப வாறான் எண்டு தெரிஞ்ச ஆள் நான். இப்ப நான் உளவாளி. அவ கூட்டிப் பாத்திரிப்பா."

திரேசம்மாவுக்கு இப்போதே தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொல்லுங்கள் என்றேன். அவர் மறுத்தார். வாழ்நாள் முழுவதும் அச்சடித்ததை விற்றவர். வாய்ச்சொல்லின் பெறுமதி அவருக்குத் தெரியும்.

"நான் சொன்னா அது எண்ட வாய்க்கதை. அச்சில வந்ததுக்கு அச்சிலதான் பதில் வேணும். நீ அங்கதானே இரிக்காய். கேட்டு எடு."

5

நூலின் அடிக்குறிப்பில் ஃபைலின், எங்கள் பாஷையில் கோவையின், எண் இருந்தது. கோவை, அண்மையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஓர் ஆவணக்காப்பகத்துப் பெட்டியில் இருந்தது. வாசகர் அட்டை எடுத்தேன். பென்சில் மட்டும் கொண்டுவர வேண்டும், கை கழுவ வேண்டும், கோவையை மெத்தையில் கிடத்தித் திறக்க வேண்டும். மாவட்டக் கச்சேரிக் கந்தோரில் நாங்கள் கோவைகளை ஜன்னல் சாத்தாமலிருக்க முட்டுக்கொடுத்தது நினைவு வந்தது.

புத்தகம் கொடுத்த தூதரகத்தை இன்னொரு நாட்டின் ஆட்கள் கவனித்திருக்கிறார்கள். அங்கே போய் வருபவர்களின் தந்திகளும் கடிதங்களும் பார்க்கப்பட்டிருக்கின்றன. நாலாவது தாளில் ஒரு தந்தி. தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்து: "காக்கா வெள்ளி வாறார். பெட்டி ரெண்டு. சூசையிடம் வண்டி சொல்லவும்."

அதை அனுப்பியவன் நான். அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். கோட்டை ரயில் நிலையத்தில் காக்காவை ரயிலேற்றிவிட்டு, சொற்களுக்கு ஏற்பக் காசு என்பதால் சுருக்கி எழுதிக் கொடுத்த தந்தி. அடுத்த தாளில் எனக்கும் ஒரு பதவி கிடைத்திருந்தது: "கொழும்பில் இருந்து இயக்குபவர், அடையாளம் தெரியவில்லை." ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கப்படாத ஒரே பதவி அது.

தந்தியின் ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர் நேர்த்தியான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "காக்கா: காகம்." தமிழ்நாட்டுக்காரராக இருக்க வேண்டும். அல்லது அகராதியை நம்பியவர். அவர் தமிழில் பிழையில்லை. அவருடைய தமிழில் அண்ணன் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு அந்தக் கோவை கொழுத்துக்கொண்டே போகிறது. கல்முனையிலிருந்து எழுதப்படும் எந்தக் கடிதத்தில் காக்கா இல்லை? மீன்கடைக் காக்கா நெய்மீன் அனுப்பினார். பெரிய காக்கா ஹஜ்ஜுக்குப் போகிறார். சின்னக் காக்காவுக்குப் பெண் பார்க்கிறார்கள். இரண்டே வருடத்தில் கிழக்குக் கரை முழுவதும் காகங்கள். ஓர் அதிகாரி வரிசைப்படம் வரைந்திருந்தார்: உச்சியில் பெரிய காகம், கீழே சின்னக் காகம், பக்கக் கோட்டில் மீன்கடைக் காகம். "புத்தகக் காகம்" எங்கள் காக்கா. "இந்த வலையமைப்பு நாம் எண்ணியதிலும் விரிந்தது" என்று முடிவுரை.

வாசிப்பறையில் சத்தமாகச் சிரித்தேன். மேற்பார்வையாளர் விரலை உதட்டில் வைத்தார். பிறகு கோவையை மூடும்போது திரேசம்மாவை நினைத்தேன். சிரித்தது வாயில் கசந்தது.

6

பதிப்பகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். தந்தியின் பிரதி, விளக்கம், காக்காவின் சத்தியக்கடதாசி, கல்முனைச் சமாதான நீதவானின் முத்திரை. ஒப்புதல் விதிப்படி வந்தது, அழகான இலக்கத்தோடு. பிறகு ஒரு கேள்வி வந்தது. "காக்கா" என்பது அண்ணனைக் குறிக்கும் என்பதற்கு அச்சிட்ட ஆதாரம் உண்டா? அவர்கள் பார்த்த அகராதிகளில் காகம் என்றே இருக்கிறதாம்.

ஒரு சமூகம் தினமும் பயன்படுத்தும் சொல்லுக்கு ஆதாரம் கேட்டால் எங்கே போவது? இங்கே பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் போனேன். சென்னைப் பெண், நல்ல பிள்ளை. "காக்கான்னா காகம்தானே அங்கிள்?" என்றாள். நான் விளக்கியதை மரியாதையோடு கேட்டுவிட்டு, தனக்குத் தெரியாத அர்த்தத்துக்குத் தான் சான்று தர முடியாது என்றாள். அவள் செய்தது சரி. நானும் அவளிடத்தில் அதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தேன். பேத்தி ஆயிஷா சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் போகிறவள். காக்கா என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பாட்டுப் பாடிக் கைகளை இறக்கையாக அடித்துக் காட்டினாள். ஸாகிர் உனக்கு என்ன முறை என்று கேட்டேன். அவளுடைய அண்ணன் சோபாவில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிடந்தான்.

"ஸாக்," என்றாள்.

"ஸாக் காக்கா எண்டு கூப்பிடோணும் மகள்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று பின்னேரம் முழுவதும் அவனைச் சுற்றிவந்து கரைந்தாள். ரிஸ்வான், "விடுங்க வாப்பா, குழந்தைதானே" என்றான். ஓம், குழந்தைதான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஓர் உளவுத்துறை செய்த பிழையை என் வீட்டிலேயே ஒரு குழந்தை விளையாட்டாகச் செய்தது. உளவுத்துறையைத் திருத்த இலக்கமிட்ட முறைப்பாடாவது இருக்கிறது.

இறுதியில், கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சு வழக்குப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய பழைய கட்டுரையின் பிரதியை ஊரிலிருந்து எடுப்பித்து அனுப்பினேன். இருபது வேலைநாள் போயிற்று. இன்னொரு இருபதும் போயிற்று. நினைவூட்டல் அனுப்பினேன். என் முறைப்பாடு "உரிய பிரிவின் கவனத்தில் உள்ளது" என்று பதில் வந்தது. அந்த வசனத்தை என் கையாலேயே எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை காக்காவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் பரீதா தொலைபேசியைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்திருந்தாள். வெளியே ஓட்டோச் சத்தம் கேட்டது. பரீதா எட்டிப் பார்த்துவிட்டு, "வாப்பா, திரேசம்மா மாமி வந்திரிக்கா," என்றாள். காக்கா அவசரமாக எழும்பிய வேகத்தில் தொலைபேசி மேசையில் மல்லாந்து விழுந்தது. எனக்குத் தெரிந்தது முகட்டில் சுழலும் மின்காற்றாடி மட்டும். யாரும் அழைப்பை நிறுத்தவில்லை. நான் நிறுத்தியிருக்கலாம்.

நூற்றுக்கணக்கில் உளவுப் புத்தகம் வாசித்தவன், வாழ்நாளில் ஒருமுறை ஒட்டுக்கேட்டேன்.

கதிரை இழுபட்டது. சுகம் விசாரித்தார்கள். மழை, வேளாண்மை, கனடாவிலிருக்கும் மகன். பரீதா தேநீர் ஊற்றினாள். பிறகு திரேசம்மாவின் குரல், மெதுவாக.

"காக்கா, அவர் அண்டைக்கு வாறார் எண்டு உங்களுக்குத் தெரியும். வேற ஆருக்குத் தெரியும்?"

காற்றாடி சுழன்றது.

"வேற ஒருத்தருக்கும் தெரியா," என்றார் காக்கா. "நான்தான் வரச் சொல்லி அனுப்பின. பாதை தெறந்திட்டாங்க எண்டாங்க. நம்பித்தான் சொல்லி அனுப்பினன்."

இது எனக்கும் தெரியாது. இத்தனை வருடமும் எனக்குச் சொல்லவில்லை.

"ஆருக்கும் சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

அவர் சத்தியம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். சத்தியக்கடதாசியைக் காட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன். அது அந்த மேசையில்தான் இருந்திருக்கும். அவர் ஒன்றும் செய்யவில்லை. தேநீர்க் கோப்பை தட்டத்தில் படும் சத்தம் கேட்டது.

"இதக் கேக்க எனக்கு இவ்வளவு காலமும் வாய் வரல்ல," என்றார் திரேசம்மா. "நீங்க பெருநாளைக்குப் பெருநாள் சாப்பாடு அனுப்புவீங்க. அதத் திண்டுபோட்டு எப்பிடிக் கேக்கிற? இப்ப அந்தப் புத்தகத்தில வந்த பொறகுதான் கேக்கலாம் எண்டு வந்த."

"நீங்க கேப்பீங்க எண்டுதான் நானும் இரிந்தன்," என்றார் காக்கா.

 கதிரை மறுபடி இழுபட்டது. போகும்போது திரேசம்மா பரீதாவிடம், வாப்பாவின் தேநீருக்கு இவ்வளவு சீனி போடாதே என்று சொன்னது கேட்டது. ஓட்டோ புறப்பட்டது.

காக்காவின் முகம் திரையில் மேலிருந்து குனிந்தது. நான் இன்னும் இருப்பதைக் கண்டார்.

"கேட்டியா?"

ஓம் என்றேன். நம்பிவிட்டாரா என்று கேட்டேன்.

"தெரியா தம்பி. கேட்டா. அது போதும் எனக்கு." கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். "இனி அந்தப் புத்தகத்த விடு."

8

விட முயன்றேன். முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாகப் பதிப்பகத்துக்கு எழுதினேன். அவர்களுடைய விதியில் முறைப்பாடு செய்ய வழியிருக்கிறது, மேன்முறையீட்டுக்கும் வழியிருக்கிறது, கைவிட மட்டும் வழியில்லை. பரிசீலனை தொடங்கிவிட்டதால் அது தன் போக்கில் முடியும் என்று அறிவித்தார்கள். கேட்டபோது நகராத கோவை, வேண்டாம் என்றபோது நடக்கத் தொடங்கிற்று.

எனக்கு வருத்தமாக இருந்தது, முக்கியமாக நூலாசிரியரை நினைத்து. அவர் சோம்பேறி அல்ல. கோவை கோவையாகப் படித்திருக்கிறார், ஊருக்கே போய் இரண்டு மூன்று பேரைச் சந்தித்துமிருக்கிறார். அவர்களிடம் "காகம் யார்?" என்று கேட்டிருப்பார். யாருக்கும் தெரிந்திருக்காது. "காக்கா யார்?" என்று ஒருமுறை கேட்டிருந்தால், கடைத்தெருவில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

பதில் ஒரு பக்கம். ஆசிரியர் என் விளக்கத்தை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறார். மறுபதிப்பு வருமானால் அதில் "காகம்" என்ற சொல் எல்லா இடத்திலும் நீக்கப்படும். அதற்குப் பதிலாக, குறித்த முகவரின் இரகசியப் பெயர் "மூத்த சகோதரர்" என்று திருத்தப்படும்.

முகவர் முகவராகவே இருக்கிறார், இரகசியப் பெயரும் இருக்கிறது. சொல்லை மட்டும் சரியாகத் திருத்திவிட்டார்கள். திருத்திய பந்தியின் மாதிரியை இணைத்திருந்தார்கள். அதன் கடைசியில் அந்தக் குட்டி வாக்கியம்: "மூத்த சகோதரர் தப்பினார்."

அந்த நூலில் இப்போது பிழையில்லாத வாக்கியம் அது ஒன்றுதான். காக்காவுக்கு அதை நான் அனுப்பவில்லை. வரச் சொன்னவர் தப்பினார், வந்தவர் தப்பவில்லை என்று முப்பது வருடமாக அவர் தனக்குத் தானே சொல்லிவந்ததை அச்சில் காட்ட வேண்டியதில்லை.

தாளின் மேல் மூலையில், உத்தியோகத்தில் இருந்த காலத்துப் பழக்கப்படி, பென்சிலால் குறிப்பெழுதினேன்: பார்த்தேன். மேல் நடவடிக்கை இல்லை. கோவையிடுக. கிடைத்த திகதி: மே 12, செவ்வாய்க்கிழமை.